சிஎஸ்கே-ன்னா கிரிக்கெட் மட்டும் இல்ல: தலை தெரியாத ஒரு ஸ்க்ரூவைப் பத்தி

வல்லம் வடகால் சிப்காட்ல ஒரு கம்பெனியில இன்டர்ன்ஷிப் போன முதல் வாரம். மெயின்டனன்ஸ் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஸ்டோர்ஸ்ல போய் சிஎஸ்கே எம்6 இருபது, பத்து பீஸ் வாங்கிட்டு வா"ன்னார். எனக்கு மஞ்சள் ஜெர்ஸிதான் ஞாபகம் வந்துச்சு. சிரிச்சுட்டேன். அவர் சிரிக்கல.

சிஎஸ்கே-ன்னா கவுண்டர்சங்க். தலை கூம்பு மாதிரி இருக்கும், நடுவுல அறுகோணக் குழி இருக்கும், டைட் பண்ணி முடிச்சா தலை பிளேட்டோட சமமா மறைஞ்சு போயிடும். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு, அந்த இன்டர்ன்ஷிப்புக்கு முன்னாடி இந்த ஸ்க்ரூவைப் பத்தித் தெரிஞ்சது அவ்வளவுதான். தெரியாததால என்ன ஆச்சுன்னு நடுவுல சொல்றேன். முதல்ல விஷயத்துக்கு வருவோம்.

ஏன் தலையை மறைக்கணும்?

உங்க வீட்டுக் கதவு கீலைத் திறந்து பாருங்க. அதுல இருக்கிற எல்லா ஸ்க்ரூவும் கவுண்டர்சங்க்தான். தலை ஒரு மி.மீ. வெளிய நீட்டிட்டு இருந்தாக்கூட கீல் முழுசா மடங்காது, கதவு சாத்தாது. பைக்ல முன் பிரேக் ஆயில் டப்பா மூடியைப் பாருங்க. நிறைய வண்டியில ரெண்டு ஸ்டார் ஸ்க்ரூ மூடியோட சமமா உட்கார்ந்திருக்கும்.

ஃபேக்டரியிலும் இதே காரணம்தான். ஃபிக்ஸ்சர்ல பார்ட் உட்கார்ற பிளேட், ஸ்லைடு ஆகுற இடத்துல வைக்கிற தேய்மானப் பட்டை, மெஷின் கவர் இங்கெல்லாம் மேல எதுவும் நீட்டிட்டு இருக்கக் கூடாது. விமானத்துல காத்து வழுக்கிட்டுப் போகணும், அதனால வெளிப்பக்கம் வர்ற ஸ்க்ரூவும் ரிவெட்டும் பெரும்பாலும் தலை மறையுற வகைதான். நம்ம வல்லம் வடகால்லயே சிப்காட்டோட ஏரோஸ்பேஸ் பார்க் இருக்கு. அதனால இந்த ஏரியாவுல வேலைக்குப் போறவங்களுக்கு இந்த ஸ்க்ரூ கண்டிப்பா கையில வரும்.

ஆனா தலையை மறைக்கிறதுக்கு ஒரு விலை இருக்கு. அதைப் புரிஞ்சுக்கிட்டா போதும், மத்ததெல்லாம் தானா புரியும்.

அளவுகள்: ஒரு சின்ன அட்டவணை

மெட்ரிக் சாக்கெட் கவுண்டர்சங்குக்கு இப்போ இருக்கிற தரநிலை ஐஎஸ்ஓ 10642. கடைக்காரங்களும் பழைய டிராயிங்கும் இன்னும் டின் 7991-ன்னு சொல்வாங்க. டின் 7991 படி தலை விட்டம், தலை உயரம், அலன் கீ அளவு (எல்லாம் மி.மீ.):

எம்3: தலை 6, உயரம் 1.7, கீ 2
எம்4: தலை 8, உயரம் 2.3, கீ 2.5
எம்5: தலை 10, உயரம் 2.8, கீ 3
எம்6: தலை 12, உயரம் 3.3, கீ 4
எம்8: தலை 16, உயரம் 4.4, கீ 5
எம்10: தலை 20, உயரம் 5.5, கீ 6
எம்12: தலை 24, உயரம் 6.5, கீ 8

பார்த்தீங்களா, இந்த அட்டவணையில தலை விட்டம் ஸ்க்ரூ விட்டத்துக்கு ரெண்டு மடங்கு. மனப்பாடம் பண்ணவே வேண்டாம். ஐஎஸ்ஓ 10642-ல கணக்குக்கான தலை விட்டம் இதைவிடக் கொஞ்சம் பெருசு: எம்6-க்கு 13.44. கூம்பு கூர்மையான விளிம்பு வரைக்கும் போனா வர்ற அளவு அது. நிஜத்துல விளிம்பு அவ்வளவு கூர்மையா இருக்காது, அதனால அளந்தா குறைவாத்தான் வரும்.

இப்போ கீ அளவை மட்டும் கவனிங்க. சாதாரண உருளைத் தலை அலன் போல்ட்ல எம்6-க்கு 5 மி.மீ. கீ. சிஎஸ்கே-ல அதே எம்6-க்கு 4 தான். எம்8-க்கு 6, இங்கே 5. எம்10-க்கு 8, இங்கே 6. கூம்புத் தலையில பெரிய குழி தோண்ட இடம் கிடையாது, அதான் காரணம்.

ஒரு மி.மீ.தானேன்னு தோணும். ஆனா ஒரு கம்பி தாங்குற முறுக்கு அதோட அளவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 4-ஐ 5-ஆல வகுத்து மூணு தடவை பெருக்குங்க: 0.8 × 0.8 × 0.8 = 0.512. அதாவது எம்6 சிஎஸ்கே-யோட கீ தாங்குற முறுக்கு, அலன் போல்ட்டோட கீ தாங்குறதுல கிட்டத்தட்ட பாதிதான். போல்ட் அதே எம்6. கிரேடும் ஒண்ணா இருக்கலாம். ஆனா அதைச் சுத்துற கம்பி பாதி பலம்.

நீளம்: எல்லாரும் ஏமாறுற இடம்

அலன் போல்ட்ல "எம்6 × 20" என்றால் தலைக்குக் கீழே 20. சிஎஸ்கே-ல தலையோட சேர்த்து மொத்தமே 20.

ஒரு உதாரணம். 12 மி.மீ. பிளேட். அலன் போல்ட் தலை உள்ளே இறங்க 6.5 ஆழத்துக்குக் குழி போட்டிருக்கு. மிச்சம் 5.5. எம்6 × 20 போட்டா கீழ இருக்கிற பார்ட்ல 14.5 மி.மீ. மரை பிடிக்கும். அதே பிளேட்டை சிஎஸ்கே-க்கு மாத்தி அதே எம்6 × 20 போட்டா, 20-ல 12 போய் 8 மி.மீ.தான் பிடிக்கும். கீழே ஸ்டீல்னா, விட்டம் அளவுக்கு, அதாவது 6 இருந்தா சமாளிக்கலாம். அலுமினியம்னா ஒன்றரை மடங்காவது வேணும், 9. இங்கே பத்தாது. மரை உருவிட்டு வந்துடும்.

டார்க்: இங்கதான் நான் மாட்டினேன்

நம்ம டிசைன் புக்ல இருக்கிற எளிய சூத்திரம்: டார்க் = கே × விட்டம் × கிளாம்ப் விசை. எண்ணெய் போடாத சாதாரண ஸ்டீலுக்கு கே சுமார் 0.2.

எம்6, 10.9 கிரேடு எடுத்துக்குவோம். ஸ்ட்ரெஸ் ஏரியா 20.1 சதுர மி.மீ., ப்ரூஃப் ஸ்ட்ரெஸ் 830 மெகாபாஸ்கல். பெருக்கினா சுமார் 16,700 நியூட்டன். அதுல 75 சதவீதம் வைப்போம்: 12,500. டார்க் = 0.2 × 0.006 × 12,500 = 15 நியூட்டன் மீட்டர். 12.9 கிரேடுக்கு இதே கணக்கு 17.5 தரும்.

ஆனா இது உருளைத் தலைக்கு. சிஎஸ்கே-ல மூணு விஷயம் மாறுது.

முதலாவது, தலையே பலவீனம். அறுகோணக் குழியோட அடிக்கும், தண்டு ஆரம்பிக்கிற இடத்துக்கும் நடுவுல இருக்கிற இரும்பு ரொம்பக் கொஞ்சம். இழுத்தா மரை அறுறதுக்கு முன்னாடி தலை கழண்டு வந்துடலாம். அதனால ஐஎஸ்ஓ 10642 இந்த ஸ்க்ரூவை முழு பலம் உள்ளதா கணக்குல எடுக்கவே இல்ல. வழக்கமான இழுவிசையில 80 சதவீதம்தான். 2019 பதிப்புல கிரேடு எண்ணுக்கு முன்னாடி ஒரு பூஜ்ஜியம் சேர்த்து 010.9, 08.8-ன்னு தலையில போடச் சொல்றாங்க. அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்தா "இது குறைஞ்ச பலம்"னு அர்த்தம். பழைய ஸ்டாக்ல பூஜ்ஜியம் இருக்காது, ஆனா பலவீனம் இருக்கும்.

இரண்டாவது, கூம்பு ஒரு ஆப்பு மாதிரி வேலை செய்யும். 90 டிகிரி கூம்புல அழுத்தம் சரிவான பக்கத்துல விழறதால, அதே கிளாம்ப் விசைக்கு உராய்வு சுமார் 1.4 மடங்கு அதிகம். சாதாரண போல்ட்டுலயே நீங்க குடுக்கிற டார்க்ல பாதி தலைக்கு அடியில உராய்வாப் போயிடும், மரையில இன்னும் ஒரு 40 சதவீதம் போகும், இறுக்கிப் பிடிக்க மிஞ்சுறது 10 சதவீதம்தான். சிஎஸ்கே-ல அதுலயும் குறையும். கைக்கு "நல்லா டைட் ஆயிடுச்சு"ன்னு தோணும், உள்ளே அவ்வளவு பிடிச்சிருக்காது.

மூணாவது, மேலே சொன்ன சின்னக் கீ.

இதெல்லாம் சேர்த்து நான் இப்போ போடுற கணக்கு: உருளைத் தலைக்கு வர்ற டார்க்கை 0.8-ஆல பெருக்கு. எம்6 10.9-க்கு 15 × 0.8 = 12 நியூட்டன் மீட்டர். அது மேல் எல்லை. ஸ்க்ரூ தயாரிச்சவங்க அட்டவணை இதைவிடக் குறைவா சொன்னா அவங்க சொல்றதுதான் சட்டம். மரையில எண்ணெயோ கிரீஸோ இருந்தா கே குறையும், அப்போ டார்க்கையும் குறைக்கணும்.

இப்போ என் கதை. ஒரு ட்ரில்லிங் ஃபிக்ஸ்சர்ல பார்ட் உட்கார்ற லொகேட்டர் பிளேட்டை மாத்தச் சொன்னாங்க. நாலு எம்6 சிஎஸ்கே, எல்லாம் 10.9. சுவத்துல டார்க் சார்ட் ஒட்டியிருந்துச்சு: எம்6 – 17. மேலே சின்ன எழுத்துல "12.9 அலன் போல்ட்"னு போட்டிருந்ததை நான் படிக்கல. டார்க் ரெஞ்சை 17-ல வெச்சேன். ரெண்டு ஸ்க்ரூ கிளிக் ஆச்சு. மூணாவதுல கீ "கிர்"னு சுத்திடுச்சு, குழி வட்டமாயிடுச்சு. நாலாவது கிளிக் ஆச்சு. மூணு டைட்டா இருக்கே, போதும்னு விட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.

நைட் ஷிஃப்ட்ல ஒரு ஸ்க்ரூவோட தலை தெறிச்சிடுச்சு. பிளேட் நகர்ந்துச்சு. கவனிக்கிறதுக்குள்ள 38 பார்ட்ல ஓட்டை இடம் மாறிடுச்சு. காலையில நான் போனப்போ, அந்த மெஷின்ல நின்ன கான்ட்ராக்ட் அக்காகிட்ட விளக்கக் கடிதம் கேட்டுட்டு இருந்தாங்க. ஷிஃப்ட் ஆரம்பத்துல ஃபிக்ஸ்சரை செக் பண்ணினேன்னு கையெழுத்து அவங்களோடது. அவங்க செக் பண்ணியிருக்காங்க. ஆனா தலை மறைஞ்ச ஸ்க்ரூவுல என்ன தெரியும்? சமமா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்.

நான் மத்தியானம் சாப்பாடு வரைக்கும் வாயைத் திறக்கல. பயம். அப்புறம் சூப்பர்வைசர் சார்கிட்ட போய் சொன்னேன். அவர் ரொம்பத் திட்டல, அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். ஆனா அந்த நாலு மணி நேரம் அக்கா எப்படி உட்கார்ந்திருந்தாங்கன்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இந்தக் கட்டுரையை எழுதுறதுக்கே அதான் காரணம்.

ஓட்டையும் பள்ளமும்

ஸ்க்ரூ மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஓட்டையைப் பாருங்க.

எம்6-க்கு வழி விடுற ஓட்டை 6.6 மி.மீ. (எம்4-க்கு 4.5, எம்5-க்கு 5.5, எம்8-க்கு 9.) அதே செட்டப்ல, பார்ட்டைக் கழட்டாமலேயே, கவுண்டர்சிங்க் பிட்டைப் போடுங்க. கழட்டி மறுபடி மாட்டினா பள்ளம் ஒரு பக்கம் ஒதுங்கிடும், தலை ஒரு ஓரத்துல மட்டும் உட்காரும்.

பிட் 90 டிகிரியான்னு பாருங்க. அமெரிக்க இன்ச் ஸ்க்ரூவுக்கு 82 டிகிரி. பழைய டூல் பெட்டியில ரெண்டும் கலந்து கிடக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 82 பள்ளத்துல நம்ம 90 ஸ்க்ரூ போட்டா தலையோட மேல் விளிம்பு மட்டும் தொடும். 120 பள்ளத்துல போட்டா கழுத்துகிட்ட மட்டும் தொடும், தலை விளிம்பு அந்தரத்துல நிக்கும். ரெண்டுமே உடையுறதுக்கு வழி. சந்தேகமா இருந்தா கூம்புல மார்க்கர் தடவி, ஸ்க்ரூவைக் கையால சுத்தி உட்கார வெச்சு, எடுத்துப் பாருங்க. சுத்தி முழுசா மை ஒட்டியிருந்தா சரி.

ஆழத்துக்கு ஈஸி கணக்கு: 90 டிகிரியில ஆழம் 0.1 கூடினா வாய் விட்டம் 0.2 கூடும். தலை பிளேட்டுக்கு சமமாவோ, ஒரு முடி அளவு கீழேயோ இருக்கணும். ரொம்பக் கீழே போச்சுன்னா பிளேட்ல பிடிமானம் குறையும். முக்கியமா, பிளேட் தலை உயரத்தைவிடத் தடிமனா இருக்கணும். 3 மி.மீ. தகட்டுல எம்6 சிஎஸ்கே போடாதீங்க. பள்ளம் மறுபக்கம் வரைக்கும் போய், ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு. அலன் போல்ட்ல ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவுல 0.6 மி.மீ. இடம் இருக்கு, ஓட்டை கொஞ்சம் தள்ளிப் போனாலும் சமாளிச்சிடும். கூம்பு அப்படி விடாது, தன்னோட பள்ளத்து நடுவுக்கே இழுக்கும். நாலு ஸ்க்ரூவும் நாலு பக்கம் இழுத்தா ஸ்க்ரூ வளையும். பார்ட்டை இடத்துல நிறுத்துறது டவல் பின்னோட வேலை. சிஎஸ்கே-யோட வேலை பிடிக்கிறது மட்டும்தான்.

மாட்டுறது எப்படி?

1. ஓட்டையில பிசிறு, தூள் எல்லாம் எடுங்க. ஸ்க்ரூவோட குழிக்குள்ளயும் தூள் இருக்கான்னு பாருங்க. தூள் இருந்தா கீ முழுசா இறங்காது.

2. கீ நுனி தேய்ஞ்சிருந்தா அந்த நுனியை நேரா கிரைண்டர்ல வெட்டிட்டு, புது விளிம்போட போடுங்க. நிறம் மாறுற அளவுக்குச் சூடு ஏத்தாதீங்க. உருண்டை நுனி கீ வேகமா சுத்துறதுக்கு மட்டும்தான், கடைசி டைட்டுக்கு நேர் நுனி.

3. இன்ச் கீயைக் கலக்காதீங்க. 5/32 இன்ச் என்பது 3.97, 4 மி.மீ. குழியில பொருந்திடும். ஆனா 3/32 என்பது 2.38. அதை எம்4-ஓட 2.5 குழியில போட்டா ஆடும், குழி வட்டமாயிடும்.

4. எல்லா ஸ்க்ரூவையும் முதல்ல கையால உட்கார வைங்க. அப்புறம் எதிரெதிரா, எக்ஸ் மாதிரி, பாதி டார்க். அப்புறம் அதே வரிசையில முழு டார்க்.

5. மரை கழலாம இருக்க பசை போடணும்னா, சின்ன ஸ்க்ரூவுக்குக் குறைஞ்ச பலம் உள்ள ஊதா வகை போதும். கெட்டியான சிவப்பு போட்டா கழட்டும்போது கீயோட நீங்கதான் போராடணும்.

6. குழி வட்டமாயிடுச்சா? மறைக்காதீங்க. தண்டு அளவு பிட், எம்6-க்கு 6 மி.மீ., நடுவுல வெச்சுத் தலையை மட்டும் ட்ரில் பண்ணுங்க. தலை கழண்டதும் இறுக்கம் போயிடும், பிளேட்டை எடுத்துட்டு மிச்சத் தண்டை பிளையர்லயே சுத்தி எடுக்கலாம். 10.9 கெட்டியான இரும்பு, கோபால்ட் பிட் இருந்தா நல்லது. எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது அதே மெயின்டனன்ஸ் அண்ணன்தான்.

தலை மறைஞ்சா தப்பும் மறையும்

1990 ஜூன் 10. பர்மிங்காம்ல இருந்து ஸ்பெயின்ல இருக்கிற மலாகாவுக்குக் கிளம்பின பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானம். 17,300 அடி உயரத்துல கேப்டன் பக்கத்துக் கண்ணாடி வெளியே பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. கேப்டன் டிம் லங்காஸ்டர் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டுட்டார். கூட இருந்தவங்க அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டன்ல இறக்கினார். ஆச்சரியமா எல்லாரும் பிழைச்சாங்க.

விசாரணையில தெரிஞ்சது: அதுக்கு 27 மணி நேரம் முன்னாடி, நைட் ஷிஃப்ட்ல அந்தக் கண்ணாடியை மாத்தியிருக்காங்க. 90 ஸ்க்ரூ. எல்லாம் கவுண்டர்சங்க். அதுல 84 விட்டம் 0.026 இன்ச், அதாவது 0.66 மி.மீ., குறைவு. மிச்சம் 6 நீளம் குறைவு. பழைய ஸ்க்ரூவைக் கையில வெச்சுக்கிட்டு, கண்ணால பார்த்தே ஸ்டோர்ஸ்ல ஜோடி சேர்த்து எடுத்திருக்காங்க. சின்னத் தலை பள்ளத்துக்குள்ள வழக்கத்தைவிட ஆழமா இறங்கியிருந்துச்சு. அது ஒண்ணுதான் வெளிய தெரிஞ்ச அடையாளம். அதை யாரும் கவனிக்கல.

அலன் போல்ட் தப்பா இருந்தா தலை துருத்திட்டு நிக்கும், சாய்ஞ்சிருக்கும், ஏதோ ஒண்ணு கண்ணுல படும். சிஎஸ்கே தப்பா இருந்தாலும் அழகா சமமா இருக்கும். அதனால இதை மாட்டினதுக்கு அப்புறம் செக் பண்ண முடியாது, மாட்டும்போதே சரியா மாட்டணும். அடுத்த ஷிஃப்ட்ல வர்றவங்க நீங்க செஞ்சதை நம்பித்தான் கையெழுத்துப் போடறாங்க.

அடுத்த தடவை மெஷின் ஷாப் லேப் போறப்போ, லேத் கவர்ல ஒரு சிஎஸ்கே ஸ்க்ரூவைத் தேடிப் பாருங்க. தலையில பூஜ்ஜியம் இருக்கா, குழி இன்னும் அறுகோணமா இருக்கா, கீ எத்தனைன்னு பார்க்காமலேயே சொல்ல முடியுதா?

இன்டர்ன்ஷிப் கடைசி நாள் அந்தச் சுவர்ப் பக்கம் போனேன். பழைய டார்க் சார்ட் அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழே அண்ணன் பெயின்ட் மார்க்கர்ல பெருசா எழுதியிருந்தார்: "சிஎஸ்கே-க்கு இது இல்ல. கேட்டுட்டு டைட் பண்ணு."